தலையில் அடிபட்ட தம்பிக்கு விடாத காய்ச்சல்: குளிர்விப்பது எதற்காக, எந்த அளவுக்கு?

மூத்தவள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 31. ஆறு நாள்களுக்கு முன் ஏணியிலிருந்து தவறி விழுந்ததில் தலையில் பலத்த அடி. மூளையின் மேலுறைக்குக் கீழே தேங்கிய ரத்தக்கட்டியை அன்றிரவே அறுவை செய்து அகற்றினார்கள். அன்று முதல் வென்டிலேட்டரில், மயக்க மருந்தின் பிடியில் இருக்கிறான். மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பதற்காக மெல்லிய கம்பி ஒன்றை மூளைக்குள் செலுத்தியிருக்கிறார்கள். அதன் நுனியே மூளையின் வெப்பத்தையும் அளக்கிறது என்று சொன்னார்கள்.

மூன்றாம் நாள் தொடங்கிய காய்ச்சல் இன்னும் விடவில்லை. நேற்று மாலை பார்வை நேரத்தில் திரையைக் கவனித்தபோது, சிறுநீர்ப்பையின் வெப்பம் 37.9 என்றும் மூளையின் வெப்பம் 38.6 என்றும் இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் தெரிந்தன. மார்பிலும் தொடைகளிலும், உள்ளே குளிர்நீர் ஓடும் பட்டைகளைச் சுற்றியிருக்கிறார்கள். ஆனால் அதே வேளையில் அவன் கைகளுக்குக் கதகதப்பான உறைகளும் பாதங்களுக்குத் தடித்த காலுறைகளும் போட்டிருக்கிறார்கள். ஒருபக்கம் குளிர்வித்துக்கொண்டே மறுபக்கம் சூடேற்றுவது ஏன் என்று கேட்க நினைத்தேன். செவிலியர்கள் வேலையில் மூழ்கியிருந்ததால் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

இரண்டு முறை எடுத்த ரத்தக் கல்ச்சரிலும் கிருமி எதுவும் வளரவில்லையாம். இது மூளையின் காயத்திலிருந்தே எழும் காய்ச்சலாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். கிருமியே இல்லாமல் இத்தனை நாள் காய்ச்சல் வருமா என்பது என் முதல் ஐயம். மூளையின் எண் மட்டும் ஏன் கூடுதலாக இருக்கிறது, 38.6 என்பது மூளையைக் கெடுத்துவிடுமா என்பது அடுத்தது. இதயம் நின்று மீண்டவர்களையும் பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளையும் 33 டிகிரி வரை குளிர்விப்பதாகப் படித்தேன். குளிர் மூளைக்கு நல்லது என்றால் தம்பியையும் அந்த அளவுக்குக் குளிர்விக்காமல் 37 டிகிரியோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள்? மருத்துவர்களின் மீது எனக்கு ஐயமில்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல் அவன் பக்கத்தில் நிற்பதுதான் தாங்க முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


இரவுப்பணிச் செவிலி

சகோதரி, நான் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் தம்பியின் சிகிச்சை பற்றிக் கருத்துச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. கைகளுக்கு உறை போட்டதன் காரணத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்வையாளர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் திகைக்கிறார்கள்.

உடலைக் குளிர்விக்கும்போது உடல் சும்மா இருப்பதில்லை. காய்ச்சலின்போது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், உடல் இருக்க வேண்டிய வெப்பத்தின் இலக்கையே 39 என்று மாற்றி வைத்துவிடுகிறது. நாம் பட்டைகளைக் கொண்டு 37-க்கு இறக்கினால், அது தனக்குக் குளிர்வதாக எண்ணித் தசைகளை நடுங்க வைத்து வெப்பத்தை உண்டாக்கும். மயக்கத்தில் இருப்பவருக்கும் இது நிகழும். நடுங்கும் உடல் ஓய்வில் இருக்கும் உடலைப் போல இருமடங்கு ஆக்சிஜனைக்கூடச் செலவழிக்கும். மண்டைக்குள் அழுத்தமும் ஏறும். அப்படியானால் எந்த நன்மைக்காகக் குளிர்விக்கிறோமோ அந்த நன்மையை நடுக்கம் தின்றுவிடும். உடலின் குளிர்ச்சியை மூளைக்கு அறிவிப்பதில் தோலுக்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளங்கையும் பாதமும் கதகதப்பாக இருந்தால், உள்ளே வெப்பம் குறைந்துகொண்டிருந்தாலும் அந்த எச்சரிக்கை மந்தமாகிறது. அதற்காகத்தான் அந்த உறைகள். மருந்துக்கு முன் நாங்கள் செய்யும் முதல் காரியம் அது.

நடுக்கம் என்றால் கட்டில் அதிரும்படி ஆடுவது என்று நினைத்துவிட வேண்டாம். தாடையின் மூட்டருகே இரு விரல்களை வைத்தால், உறுமும் பூனையின் தொண்டையைத் தொட்டதுபோல ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். திரையில் இதயத் துடிப்பின் கோடும் மயிர்க்கால் போலச் சிலிர்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதைப் பிடித்துவிட வேண்டும். 2008-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் எளிய அளவுகோலைப் பல இடங்களில் பயன்படுத்துகிறோம்: நடுக்கமில்லை என்றால் 0, கழுத்திலும் மார்பிலும் மட்டும் இருந்தால் 1, கைகளுக்குப் பரவினால் 2, உடல் முழுவதும் என்றால் 3. அதைப் பொறுத்து மக்னீசியம், டெக்ஸ்மெடிடோமிடின், பெத்திடின் போன்ற மருந்துகளை மருத்துவர் சேர்ப்பார்.

இன்னொன்று. பார்க்க வரும் உறவினர்கள் அன்பின் மிகுதியால் நோயாளியின் நெற்றியில் ஈரத்துணியைப் போடுவார்கள். அதனால் மூளை குளிர்வதில்லை. தோலும் எலும்பும் இடையில் இருக்கின்றன. உள்ளே வெதுவெதுப்பான ரத்தம் நொடிதோறும் பாய்ந்துகொண்டே இருக்கிறது. நெற்றியில் வெப்பம் பார்க்கும் கருவியைப் பயன்படுத்தும் இடமாக இருந்தால் ஈரத்துணியால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நாங்கள் ஏமாறக்கூடும். அக்குளில் அளப்பதையும் இத்தகைய நோயாளிகளிடம் நான் நம்புவதில்லை. உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் கிடைக்கும் எண்ணே கணக்குக்கு உதவும். சிறுநீர் குறைவாகப் பிரியும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் எண்ணும் பின்தங்கும். மலக்குடலின் எண் எப்போதுமே சற்றுத் தாமதமாகத்தான் மாறும்.

துணியைவிடப் பயனுள்ள ஒன்றை நீங்கள் செய்யலாம். பட்டைகளுக்கு அடியில் தோல் சிவந்தோ கன்றியோ இருக்கிறதா என்று செவிலியர் பார்க்கும்போது, அவனுக்கு ஏதேனும் தோல் ஒவ்வாமை முன்பே உண்டு என்றால் அதைச் சொல்லுங்கள்.


தீவிர சிகிச்சை மருத்துவர்

மேலே செவிலி எழுதியிருப்பது அத்தனையும் சரி. மற்றக் கேள்விகளுக்கு என்னால் இயன்ற அளவு விடை சொல்கிறேன். உங்கள் தம்பியின் ஸ்கேனையோ குறிப்பேட்டையோ பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டு எண்களின் வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறேன். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. இத்தனை ஆற்றலும் இறுதியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியே கொண்டுபோவது ரத்தம்தான்: தன்னைவிடச் சற்றுக் குளிர்ந்த ரத்தம் உள்ளே வந்து, சூட்டை ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே மூளை உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுச் சூடாக இருப்பது இயல்பே. காயமுற்ற மூளையில் இந்த இடைவெளி பெரும்பாலும் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை இருக்கும். சிலரிடம் அதையும் தாண்டும். உங்கள் தம்பியின் 0.7 என்ற வேறுபாடு எனக்கு வியப்பளிக்கவில்லை. எங்களை அச்சுறுத்துவது இதன் தலைகீழ் நிலை. மூளையின் வெப்பம் உடலின் வெப்பத்துக்குக் கீழே இறங்கினால், அங்கே ரத்த ஓட்டமும் உயிர்ச்செயலும் அடங்கிவருகின்றன என்று பொருள்.

2022-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், நலமுள்ள 40 பேரின் மூளை வெப்பத்தை எம்.ஆர். ஸ்கேன் கருவியைக் கொண்டு, காந்த அலை நிறமாலை முறையில் கணித்தார்கள். சராசரி 38.5 டிகிரி என்று வந்தது; ஆழமான பகுதிகள் சில வேளைகளில் 40-ஐத் தாண்டின. நாள் முழுவதும் அந்த வெப்பம் ஏறி இறங்கும் ஒழுங்கும் தெரிந்தது. ஆகவே 38.6 என்ற எண்ணைப் பார்த்தவுடன் மூளை கருகுகிறது என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் நலமுள்ள மூளைக்குப் பொறுக்கும் சூடு, காயமுற்ற மூளைக்கும் பொறுக்கும் என்று கொள்ள முடியாது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மூளையின் ஆற்றல் தேவை ஏறத்தாழ 6 முதல் 10 சதவீதம் வரை கூடுகிறது. தேவை கூடினால் ரத்த நாளங்கள் விரிகின்றன. விரிந்தால் உள்ளிருக்கும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. ஏற்கெனவே வீங்கி இடமின்றி இருக்கும் மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. போதிய ரத்தம் கிடைக்காத பகுதிகளில் தேவைக்கும் வரவுக்கும் இடையே உள்ள பள்ளம் இன்னும் ஆழமாகிறது. நரம்பு அணுக்களை மிகையாகத் தூண்டி நஞ்சாகும் குளூட்டமேட்டும் கூடுதலாக வெளிப்படுகிறது. அடிபட்ட முதல் சில நாள்களில் நாங்கள் அரை டிகிரிக்குக்கூடக் கவலைப்படுவதன் காரணம் இதுதான்.

இனி, ஏன் 33 வரை போவதில்லை என்ற கேள்வி. இந்தக் கேள்வியை எங்கள் துறையே பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. 1987-இல் மயாமியில் எலிகளிடம் செய்த சோதனையில், ரத்தம் தடைபட்ட நேரத்தில் மூளையின் வெப்பம் ஓரிரு டிகிரி குறைவாக இருந்தாலே அணுக்களின் சேதம் வெகுவாகக் குறைந்தது. அங்கிருந்து நம்பிக்கை வளர்ந்தது. 1997-இல் 82 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, தலைக்காயம் பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு முதல் சில மாதங்களில் பலன் தெரிவதாகச் சொன்னது. நானும் பயிற்சிக் காலத்தில் அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவன்தான். பிறகு வந்த பெரிய ஆய்வுகள் ஒவ்வொன்றாக அதை உடைத்தன. 2001-இல் 392 பேரிடம் 33 டிகிரியில் 48 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. 2008-இல் 225 குழந்தைகளிடம் பார்த்தார்கள். பலனில்லை, குளிர்விக்கப்பட்டவர்களிடையே இறப்பு சற்றுக் கூடுதலாகவே இருந்தது. 2015-இல், மண்டை அழுத்தம் ஏறிய 387 பேரிடம் 32 முதல் 35 டிகிரி வரை குளிர்வித்த ஐரோப்பிய ஆய்வு, குளிர்விக்கப்பட்டவர்களின் நிலை மோசமாக இருந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2018-இல் 511 பேரைச் சேர்த்த ஆய்வு, கூடிய விரைவில் குளிர்விக்கத் தொடங்கி மூன்று நாள்களுக்கும் மேல் தொடர்ந்தும், ஆறு மாதத்திற்குப் பின் எந்த வேறுபாட்டையும் காணவில்லை.

குளிர்ச்சி அழுத்தத்தைக் குறைக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. 33 டிகிரியில் ரத்தம் சரியாக உறையாது, நிமோனியா எளிதில் பற்றும், இதயம் மெதுவாகும், சர்க்கரை ஏறும், பொட்டாசியம் குளிரும்போது இறங்கி, சூடேறும்போது துள்ளி ஏறும். மருந்துகள் உடலில் தங்கும் நேரமும் நீளும். மீண்டும் சூடேற்றும் கட்டத்தில் அவசரப்பட்டால், அடங்கியிருந்த அழுத்தம் மூர்க்கமாகத் திரும்பிவரும். அதனால்தான் மணிக்குக் கால் டிகிரி அல்லது அதற்கும் குறைவாக ஏற்றுகிறோம். 2019-இல் சியாட்டிலில் கூடிய வல்லுநர்கள் வகுத்த படிமுறையில், மற்ற வழிகள் பயனளிக்காதபோது எடுக்கும் மூன்றாம் படியாகவே 35 முதல் 36 வரையிலான மிதமான குளிர்விப்பு இடம்பெறுகிறது. எல்லோருக்கும் பொதுவான கவனிப்பாக இருப்பது காய்ச்சலைத் தடுப்பது மட்டுமே. 36.0 முதல் 37.5 வரையிலான எல்லைக்குள், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வைத்திருப்பதே இன்று பெரும்பாலானோர் கொள்ளும் இலக்கு. உங்கள் தம்பியின் மருத்துவர்கள் 37-இல் நிற்பது அரைகுறைச் சிகிச்சை ஆகாது. ஆய்வுகள் கற்பித்த இடத்தில் நிற்கிறார்கள்.

நீங்கள் படித்த மற்ற இரண்டும் வேறு கதைகள். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளை, பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. இதயம் நின்று மீண்டவர்களில் 2002-இல் பெரிய பலன் தெரிந்தது. 2013-இல் 939 பேரிடம் 33-ஐயும் 36-ஐயும் ஒப்பிட்டபோது வேறுபாடு இல்லை. 2021-இல் 1,800-க்கும் மேற்பட்டவர்களிடம் குளிர்விப்பையும் காய்ச்சலைத் தடுப்பதை மட்டும் செய்வதையும் ஒப்பிட்டபோதும் வேறுபாடு இல்லை. மூளைக்கு ஒரே நேரத்தில் ஆக்சிஜன் அற்றுப்போவதும், அடிபட்டு நசுங்கி, ரத்தம் கசிந்து, நாள்கணக்கில் வீங்குவதும் ஒரே காயம் அல்ல. ஒன்றின் மருந்தை மற்றதற்கு அப்படியே எடுத்துவர முடியாது.

கிருமி இல்லாத காய்ச்சல் உண்மையிலேயே உண்டு. ஆனால் எல்லாத் தொற்றையும் தேடி, இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். நுரையீரல், சிறுநீர், ரத்தக்குழாயில் செருகிய குழாய், அறுவைப் புண், வடிகுழாய் இருந்தால் மூளைத் தண்டுவட நீர், காலின் ஆழ்நாளங்களில் உறைந்த ரத்தம், ஃபெனிடாயின் (வலிப்பைத் தடுக்கும் மருந்து) போன்ற மருந்துகள் என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அடிபட்ட முதல் மூன்று நாள்களுக்குள் தொடங்கி, விட்டுவிட்டு வராமல் விடாப்பிடியாக நீடித்து, பாரசிட்டமாலுக்கு மசியாமல் இருந்தால் மூளையின் காயத்திலிருந்தே எழும் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம்.


கரையோரம்

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் நோயாளியின் கணவன் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு மூளையின் ரத்தநாளப் புடைப்பு வெடித்து, மூளையின் அறைகளுக்குள்ளும் ரத்தம் பரவியது. காய்ச்சல் 17 நாள்கள் நீடித்தது. முதலில் சேர்த்த இடத்தில் அக்குளில் மட்டுமே வெப்பம் பார்த்தார்கள், தாளில் 37.2, 37.4 என்றே வரிசையாக எழுதப்பட்டிருந்தது. வேறிடத்துக்கு மாற்றிய அன்று உணவுக்குழாயில் கருவியைச் செருகியவுடன் 38.9 என்று காட்டியது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். யாரையும் குற்றம் சொல்ல அல்ல. எங்கே அளந்தார்கள் என்று கேட்காமல் எண்ணை மட்டும் கேட்டு நிம்மதி அடைந்தவன் நான் என்பதை மறக்காமல் இருப்பதற்காக.

அடுத்து நடந்தது ஆன்டிபயாடிக் மாற்றங்கள். ஒன்றுக்கு அடங்கவில்லை என்று இன்னொன்று, அதற்கும் அடங்கவில்லை என்று மூன்றாவது. எல்லாக் கல்ச்சரும் வெறுமையாக வந்த பிறகு ஒருநாள் காலை, மூத்த மருத்துவர் எல்லா ஆன்டிபயாடிக்குகளையும் நிறுத்தச் சொன்னார். எனக்கு அச்சமாக இருந்தது. நிறுத்திய பிறகு காய்ச்சல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெப்பத்தைப் பட்டைகள் கவனித்துக்கொண்டன. காய்ச்சல் தன் நேரம் வந்தபோது தானே விட்டது. சகோதரி, தம்பிக்கு ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

மருத்துவரிடம் எனக்கும் ஒரு கேள்வி. காய்ச்சலை இத்தனை பாடுபட்டு அடக்கியதால்தான் என் மனைவி எழுந்து நடக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அது சரிதானா?


தீவிர சிகிச்சை மருத்துவர்

உங்கள் மனைவி நடக்கிறார் என்பது மகிழ்ச்சி அளிக்கிறது. நேர்மையான விடை சொல்ல வேண்டும் என்பதால் சற்றுச் சுற்றி வருகிறேன். காய்ச்சல் நீடித்தவர்களின் நிலை மோசமாக இருக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. ஆனால் காய்ச்சல் மூளையைக் கெடுத்ததா, மோசமாகக் கெட்ட மூளைதான் காய்ச்சலை உண்டாக்கியதா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. 2024-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பக்கவாதமும் மூளை ரத்தக்கசிவும் வந்த 677 பேரில் ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலிருந்தே தானியங்கிக் கருவியால் 37.0 டிகிரியைப் பிடித்து வைத்தார்கள். மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்த பிறகு வழக்கமான சிகிச்சை. முதல் பிரிவில் காய்ச்சலின் சுமை தெளிவாகக் குறைந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து அவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்று பார்த்தால் வேறுபாடு இல்லை.

அதனால் காய்ச்சலை விட்டுவிடலாமா என்றால், நான் விடமாட்டேன். அந்த ஆய்வு ஒப்பிட்டது முன்கூட்டியே தடுப்பதையும் வந்தபின் தணிப்பதையும்தான். சிகிச்சையையும் சிகிச்சையின்மையையும் அது ஒப்பிடவில்லை. அடிபட்ட மூளையின் அழுத்தம் காய்ச்சலோடு சேர்ந்து 18 மி.மீ. பாதரசத்திலிருந்து 26-க்கு ஏறுவதையும், வெப்பம் தணிந்தவுடன் மீண்டும் இறங்குவதையும் திரையிலேயே பார்த்திருக்கிறேன். அந்த நோயாளியிடம் குளிர்விப்பது கண்கூடான பயன் தருகிறது. அழுத்தம் அமைதியாக இருக்கும் இன்னொருவரிடம், நடுக்கத்தை அடக்க மேலும் மேலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் 37-ஐப் பிடிக்க முடியும் என்றால், 37.8-ஐப் பொறுத்துக்கொண்டு அவரை விழிக்க விடுவதே மேல் என்று நினைக்கிறேன். இது என் மதிப்பீடு. என் சக மருத்துவர்கள் சிலர் உடன்பட மாட்டார்கள்.


இரவுப்பணிச் செவிலி

உடன்படாதவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டாக்டர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து, 2011-இல் வெளியான ஆய்வை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பகுதியில் செவிலியர்களே முன்னின்று மூன்று நாள்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் விடாமல் கவனித்தார்கள், 37.5-ஐத் தொட்டவுடன் பாரசிட்டமால். 90 நாள்களுக்குப் பின் இறந்தவர்களும் பிறர் உதவியை நம்பி வாழ்பவர்களும் அந்தப் பிரிவுகளில் குறைந்தார்கள். மூன்றில் எது உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் 37.8-ஐப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லக் கேட்ட பிரிவில், நான்கு மணி நேரம் கழித்து 38.5 ஆனதையும் யாரும் கவனிக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லை தளர்ந்தால் கண்ணும் தளர்கிறது.


மூத்தவள்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள்கள் கழித்து எழுதுகிறேன். இன்று பத்தாம் நாள். மயக்க மருந்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழுத்தம் இறங்கிவிட்டதால் மூளைக்குள் இருந்த கம்பியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு எண்தான் தெரிகிறது. பொதுவாக 37.4-இல் நிற்கிறது.

ஆனால் புதிதாக ஒன்று நடக்கிறது. அவனை ஒருக்களிக்கும்போதோ, தொண்டைக்குழாயில் சளி உறிஞ்சும்போதோ முகம் சிவந்து, மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்து, இரு கைகளும் மரக்கட்டை போல நீட்டி விறைத்துக்கொள்கின்றன. இதயத் துடிப்பு 140-ஐத் தாண்டுகிறது, வெப்பம் 38.3 வரை போகிறது. இருபது நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. நேற்று நான்கு முறை வந்தது. வலிப்பு இல்லை என்று மூளை அலைப் பதிவு எடுத்துச் சொன்னார்கள். இதற்கும் குளிர்விப்பது பயன்படுமா?


தீவிர சிகிச்சை மருத்துவர்

நீங்கள் வரிசையாகக் கவனித்து எழுதியிருப்பது சிகிச்சைக்கு உண்மையாகவே உதவும். இதே சொற்களில் அங்கே சொல்லுங்கள். தொடுவது, திருப்புவது, உறிஞ்சுவது போன்ற சிறு தூண்டலுக்கே துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை, வெப்பம், விறைப்பு எல்லாம் ஒன்றாகப் பொங்கி எழுவதைப் பரிவு நரம்பு மண்டலத்தின், அதாவது ஆபத்தின்போது உடலை முடுக்கிவிடும் நரம்புகளின், மிகைக்கிளர்ச்சி என்கிறோம். அதை அடக்கி வைக்கும் மேல்நிலைத் தொடர்புகள் காயத்தால் அறுந்திருக்கும்போது இது வரும்; மயக்க மருந்து குறையும் கட்டத்தில்தான் பெரும்பாலும் வெளிப்படும். இங்கே ஏறும் வெப்பம் தசை விறைப்பினாலும் மிகைக்கிளர்ச்சியினாலும் உண்டாவது. ஹைப்போதலாமஸ் தன் இலக்கை மாற்றியதால் வருவதன்று. ஆகவே பாரசிட்டமால் பெரிதாக உதவாது. குளிர்ந்த பட்டையின் தொடுகையே சிலரிடம் இன்னொரு தூண்டலாகிவிடும். ப்ரொப்ரனலால், கபாபென்டின், குளோனிடின், தேவைப்பட்டால் மார்ஃபின் ஆகியவற்றைக் கொண்டு அடக்குவார்கள். தூண்டல்களைச் சேர்த்து ஒரே வேளையில் முடிப்பதும், உறிஞ்சுவதற்கு முன்பே மருந்து கொடுப்பதும் பலன் தரும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் இதன் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. இருபது நிமிடத்தில் அடங்காமல் மணிக்கணக்கில் நீடிக்கும் சூடோ, சளியின் நிறம் மாறுவதோ தெரிந்தால் தொற்றை மீண்டும் தேடச் சொல்லிக் கேளுங்கள்.


மூத்தவள்

மருத்துவரிடம் அப்படியே சொன்னேன். அவரும் அதே பெயரைச் சொன்னார், ப்ரொப்ரனலால் தொடங்கியிருக்கிறார்கள். இன்று இரண்டு முறைதான் வந்தது. நாளை குளிர்விக்கும் பட்டைகளை எடுக்கப் போகிறார்களாம். எடுத்தபின் காய்ச்சல் மீண்டும் பாய்ந்து வருமா என்ற அச்சம் ஒன்றுதான் மிச்சம்.


இரவுப்பணிச் செவிலி

வரக்கூடும், சகோதரி, அதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. திரையில் நோயாளியின் வெப்பத்தை மட்டும் பார்த்தால் 37 என்று அமைதியாகவே இருக்கும், ஏனென்றால் கருவி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கருவியின் முகப்பில் நீரின் வெப்பம் என்று இன்னொரு எண் இருக்கும். அது 10 டிகிரிக்கு அருகில் இருந்தால், உடல் உள்ளே கொதிக்கிறது, கருவி போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காய்ச்சல் மறைந்திருக்கிறதே தவிர விடவில்லை. நீர் 28, 30 என்று வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருந்தும் தம்பி 37-இல் நின்றால், அவனுக்குக் கருவியின் தேவை குறைந்துவிட்டது. நாளை போனதும் அந்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்கும் உறவினரிடம் எந்தச் செவிலியும் முகம் சுளிக்க மாட்டார். பட்டைகளை எடுத்த பிறகும் முதல் இரண்டு நாள் உணவுக்குழாய்க் கருவியையோ சிறுநீர்ப்பைக் கருவியையோ எடுக்காமல் வைத்திருப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.